முகத்துவாரம் மூடிய கோடை

ஷாஸியா நுண்ணோக்கியைப் பையிலிருந்து எடுத்து ஸ்டூலின் மேல் வைத்ததும், மலிகா எழுந்துபோய் இரண்டாவது முறையாகக் கை கழுவிக்கொண்டு வந்தாள்.

"எந்தக் கண்ணால பாக்கணும்?"

"எதா இருந்தா இன்னாக்கா. ஒண்ண மூடிக்கோ, போதும்."

மலிகா குனிந்தாள். முதலில் தன் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு வெளிச்சமான ஒரு வட்டம். அதற்குள் கண்ணாடிச் சில்லு போன்ற ஒன்று தன்னைத் தானே சுற்றிக்கொண்டு குறுக்கே போனது. அதன் இடுப்பைச் சுற்றி மெல்லிய மயிர்கள் விடாமல் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு முனையில் சிவப்பாக இரண்டு புள்ளிகள்.

"அய்ய, சுத்திகினு கீதே! இன்னாது இது?"

"பூச்சியோட குஞ்சு. அந்தச் செவப்பு ரெண்டும் கண்ணு."

"நம்ம பூச்சியா?"

"நீ தோண்டுவியே, அதே பூச்சிதான்."

கண்ணாடித் துண்டின் மேலிருந்த அந்தச் சொட்டு காயத் தொடங்கும்வரை மலிகா தலையைத் தூக்கவில்லை.

நெட்டுக்குப்பத்தில் பூச்சி என்றால் சேற்றுப் புழு. எண்ணூர் ஆறு கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் மேற்கே, கடல்நீர் இறங்கும் வற்றத்தில் வெளியே தெரியும் சேற்றுத் திட்டில் அது வாழ்ந்தது. இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணைகளில் தாய் இறாலுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது. குப்பத்துப் பெண்கள் பலர் முழங்கால் சேற்றில் உட்கார்ந்து, கையாலும் சிறு கம்பியாலும் அதைத் தோண்டி எடுத்து விற்றுவந்தார்கள். அவர்களில் மலிகாவுக்குக் கை வேகம் அதிகம். புழு அறுபடாமல் முழுதாக வரும். பிறகு ஒரு புயல் மழையில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. திட்டு முழுக்கக் கறுப்பாகப் படிந்தது. அதற்குப் பிறகு எவ்வளவு தோண்டினாலும் சேறுதான் வந்தது; புழு வரவில்லை. மற்றப் பெண்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மலிகா மட்டும் அவ்வப்போது திட்டுக்குப் போய்க் கையை விட்டுப் பார்த்துவிட்டு வருவாள்.

ஷாஸியா அந்தப் புழுக்களைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்தாள். வண்ணாரப்பேட்டைப் பெண். அவள் அப்பா சௌக்கத் அலிக்கு எம்.சி. ரோட்டில் மொத்த விலை நைட்டிக் கடை. புழுவைப் படிப்பதற்கு ஒரு பட்டமா என்று அவர் உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரித்தாலும், மகளுக்குச் சேற்றில் போட்டுக்கொள்ள ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். மலிகாவின் கணவன் செல்வத்தின் ஃபைபர் படகில்தான் ஷாஸியா ஆற்றில் போய்வந்தாள். மெல்லிய வலைப்பை ஒன்றைப் படகின் பின்னால் இழுத்து, அதில் சேர்ந்ததை நுண்ணோக்கியில் பார்ப்பாள். இரண்டு கோடைகளில் புழுவின் குஞ்சு ஒன்றுகூட அகப்பட்டதில்லை. இந்த ஆண்டு பங்குனி வெயில் ஏறியபோது ஒவ்வொரு சொட்டிலும் இருந்தன.

"எங்கேர்ந்து வந்துச்சு?" என்று மலிகா கேட்டாள்.

"எங்கியோ கொஞ்சம் பெரிய பூச்சி தப்பிச்சிருக்கு. பாலத்துக்கு மேல, எண்ணெ போவாத ஓடையில இருக்கலாம். அதுங்க முட்ட போட்டிருக்கு."

"இதுங்க திட்டுக்கு வந்துடுமா?"

"இப்ப தண்ணி இழுக்கற பக்கம் போவும். ஆனா சும்மா போவாதுக்கா. ஏத்தம் வர்ற நேரத்துல மேல வந்து தண்ணியோட உள்ள போவும். வத்தத்துல கீழ எறங்கித் தரைய ஒட்டி ஒதுங்கிக்கும். இல்லன்னா கடலுக்கு அடிச்சுட்டுப் பூடும்ல? கொஞ்சம் வளந்தா நீந்தறத வுட்டுட்டு சேத்துல எறங்கிக் குடியிருக்கும்."

"எப்போ?"

"ஒரு வாரம், பத்து நாளு."

மலிகா செல்வத்தைத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் உட்கார்ந்து வலையில் சிக்கியிருந்த நண்டுக் காலைப் பிய்த்துக்கொண்டிருந்தான் அவன். அவன் மனதில் வேறு கணக்கு ஓடியது.

முகத்துவாரம் மூடிக்கொண்டிருந்தது. கோடையில் ஆற்றில் வரத்து கிடையாது. கடல் மணலைக் கொண்டுவந்து வாயில் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்த ஆண்டு மணல்மேடு சீக்கிரமே உயர்ந்துவிட்டது. படகு போகும் வழி ஒடுங்கி ஒடுங்கி, கடைசியில் ஒரு ஆள் தாண்டும் வாய்க்கால் அளவுக்கு வந்தது. உள்ளே நின்ற தண்ணீர் நாளுக்கு நாள் சூடேறியது. ஆலைகளின் வெந்நீர் ஒரு பக்கம், ஊர்ச் சாக்கடை ஒரு பக்கம். காலை வைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது. ஆற்றில் வளர்ந்த மடவை மீனும் இறாலும் வெளியே போக வழியின்றி உள்ளேயே சுற்றின. பொக்லைன் வைத்து மணல்மேட்டை வெட்டிவிட வேண்டும் என்று ஊரில் பேச்சு எழுந்தது. வற்ற நேரத்தில் வெட்டினால் உள்ளே தேங்கிய தண்ணீர் கடலைவிட உயரமாக இருக்கும். பாய்ந்து வெளியேறும் வேகத்தில் அதுவே வாயை அகலப்படுத்திக்கொள்ளும். வேறு நேரத்தில் வெட்டினால் மறுநாளே மூடிவிடும்.

அந்தப் பாய்ச்சலில் குஞ்சுகள் அத்தனையும் கடலுக்குப் போய்விடும் என்பது ஷாஸியாவுக்கு உடனே புரிந்தது. அதை அவள் மலிகாவிடம் சொன்னாள்.

மலிகா அன்று மாலையே அவளை வலைக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். ஊர்ப் பஞ்சாயத்தார் அங்கே கூடியிருந்தார்கள். பெண்கள் அங்கே வந்து பேசுவது வழக்கமில்லை. தேசப்பன் என்ற பஞ்சாயத்தார் பாயை மடித்து இடம் ஒதுக்கி ஷாஸியாவை உட்காரச் சொன்னார். அவள் நின்றுகொண்டே சொன்னாள். குஞ்சுகள் வந்திருக்கின்றன, இன்னும் ஒரு வாரம் விட்டால் திட்டில் இறங்கிவிடும், சேற்றுக்குள் போய்விட்டால் எந்தத் தண்ணீரும் அவற்றை இழுக்காது, பிறகு தாராளமாக வெட்டலாம்.

"பூச்சிக்கோசரம் மீன வுடச் சொல்றியா தங்கச்சி?" என்றான் செல்வம். கோபமாகச் சொல்லவில்லை; உண்மையாகவே கேட்டான்.

ஷாஸியா பதில் சொல்வதற்குள் மலிகா முந்திக்கொண்டாள். "மீனு மீனுன்றியே, நீ கடலுக்குப் போவாத மாசமெல்லாம் அடுப்பு எரிஞ்சது இன்னாத்துல? அந்தப் பூச்சியிலதான? அது செத்து எத்தினி நாளாச்சுன்னு ஒருத்தராவது இங்க குந்திப் பேசினீங்களா? இப்ப அதுவா திரும்பி வந்து கீது. ஒரு வாரம் வுடுங்கன்னா பேஜாரு பண்றீங்களே!"

தேசப்பன் ஷாஸியாவைப் பார்த்தார். "படிச்ச பொண்ணு நீ. நீயே சொல்லும்மா. தண்ணி ஒரு வாரம் தாங்குமா?"

ஷாஸியாவுக்குப் புழுவைப் பற்றித் தெரியும். தண்ணீர் எவ்வளவு சூடாகிவிட்டது என்பதும் தெரியும். மடவை எவ்வளவு நாள் பொறுக்கும் என்பது தெரியாது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அருகில் நின்ற மலிகாவின் கை அவள் முழங்கையைப் பற்றியிருந்தது. விரல்கள் சில்லென்று இருந்தன.

"தாங்கும்," என்றாள்.

பொக்லைன்காரனை அடுத்த வாரம் வரச் சொல்லி முடிவாயிற்று.

அந்த வாரத்தில் செல்வம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலும் படகை எடுக்க மறுக்கவில்லை. மலிகாவும் கூடவே வந்தாள். குஞ்சுகள் மாறிக்கொண்டிருந்தன. சுற்றுவது குறைந்து உடம்பு நீண்டது, பக்கங்களில் முட்கள் போல மயிர் முளைத்தது. ஒருநாள் ஷாஸியா திட்டிலிருந்து துளிச் சேற்றை எடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் இட்டு, அதில் ஒரு குஞ்சை விட்டுக் காட்டினாள். அது மெதுவாக இறங்கியது. முகத்தால் சேற்றைத் தொட்டது. தொட்டவுடன் எகிறி மேலே போனது. மறுபடி இறங்கி வேறோர் இடத்தில் தொட்டது.

"வூடு பாத்துகினு கீது," என்றாள் மலிகா.

"ஆமா. பெரிய பூச்சி இருந்த வாசன இருந்தா சீக்கிரம் எறங்கும். சேறு சரியில்லன்னா எறங்காம தள்ளிப் போடும்."

"எவ்ளோ நாளுக்குத் தள்ளிப் போடும்?"

"கொஞ்ச நாளு. அதுக்குள்ள ஒடம்புல இருக்கற தெம்பு தீந்துடும். அப்பால கெடைச்ச எடத்துல எறங்கும். இல்லன்னா செத்துடும்."

கிண்ணத்தில் இருந்த குஞ்சு மூன்றாவது தடவை இறங்கிய இடத்தில் அசையாமல் நின்றது. பிறகு தலையைச் சேற்றுக்குள் செருகியது. மலிகா வாயைப் பொத்திக்கொண்டாள். செல்வம் எட்டிப் பார்த்துவிட்டு, "இது இன்னா, நூல் மாரி," என்று மட்டும் சொன்னான். ஆனால் அன்று திரும்பும்போது திட்டின் மேல் படகின் அடி உரசாதபடி சுற்றிக்கொண்டு போனான்.

அதற்கு அடுத்த இரண்டு நாட்களும் காற்றே இல்லை. புகைபோக்கிகளின் புகை நேராக மேலே போய் அங்கேயே நின்றது. வாரம் முடிவதற்குள் ஒரு காலையில் ஷாஸியாவின் கைபேசி அடித்தது. மலிகா. "வா," என்றாள். வைத்துவிட்டாள்.

எண்ணூர் பேருந்திலிருந்து இறங்கும்போதே நாற்றம் தெரிந்தது. கரைக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீர் வெள்ளையாகத் தெரிந்தது. மடவைகளின் வயிறு. கரையோரம் முழுக்க, பாலத்தின் தூண்கள் வரை, ஒன்றின் மேல் ஒன்றாக மிதந்தன. இன்னும் சாகாதவை நீர்மட்டத்துக்கு வந்து வாயை அகலமாகத் திறந்து திறந்து மூடின. நண்டுகள் தண்ணீரை விட்டு வெளியேறிக் கற்களின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. இடுப்பளவு நீரில் செல்வம் கூடையால் வாரிக்கொண்டிருந்தான். விற்க முடியாது, தின்னவும் முடியாது. இருந்தும் வாரிக்கொண்டிருந்தான். கூடை நிறைந்ததும் கரையில் கொட்டிவிட்டு மறுபடி இறங்கினான்.

யாரும் ஷாஸியாவைத் திட்டவில்லை. அவளைக் கடந்து போனவர்கள் அங்கே ஒரு கம்பம் நட்டிருப்பது போல ஒதுங்கிப் போனார்கள்.

"ராத்திரியெல்லாம் மூச்சு முட்டிக் கீது," என்றார் தேசப்பன், யாரிடமோ சொல்வது போல. "விடியசொல்லோ மொத்தமா பூட்ச்சு."

பொக்லைன் மீஞ்சூரில் வேறு வேலையில் இருந்தது. நாளைக்குத்தான் வரும் என்றான் அதன் டிரைவர். நாளைவரை யாரும் காத்திருக்கத் தயாராக இல்லை. வற்றம் தொடங்கியிருந்தது. மண்வெட்டி, கூடை, தகரத் தட்டு என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஆண்கள் மணல்மேட்டுக்கு நடந்தார்கள். பின்னாலேயே பெண்களும் போனார்கள்.

ஷாஸியாவின் மனதில் குஞ்சுகள் இருந்தன. இன்னும் இரண்டு மூன்று நாட்கள். பெரும்பாலானவை இறங்கியிருக்காது. இந்தச் சூட்டில் அவையும் செத்திருக்கலாம், செத்திருக்காமலும் இருக்கலாம். அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட அங்கே பேச முடியாது என்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் மலிகாவைத் தேடினாள். மலிகா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, ஒரு மண்வெட்டியைத் தோளில் வைத்து, செல்வத்துக்கு நாலு அடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

அவர்கள் வெட்டினார்கள். மணல் சரிந்து சரிந்து விழுந்தது. மறுபடி வாரி எறிந்தார்கள். மலிகா தலை நிமிராமல் வெட்டினாள். அவள் வெட்டுகிற வேகத்தைப் பார்த்து ஒருத்தி, "மெதுவாக்கா," என்றாள். அவள் காதில் விழவில்லை. வெயில் உச்சிக்கு வந்தபோது வாய்க்காலின் கடைசிக் கட்டி கரைந்தது. முதலில் ஒரு விரலளவு தண்ணீர் ஓடியது. பிறகு பாத அளவு. பிறகு இரண்டு பக்கத்து மணலையும் கடித்து இழுத்துக்கொண்டு அத்தனை தண்ணீரும் கடலை நோக்கிப் பாய்ந்தது. கறுப்பும் பழுப்புமாகச் செத்த மீனையும் சாகாத மீனையும் தூக்கிக்கொண்டு ஓடியது. எல்லோரும் கத்தினார்கள். சந்தோஷமா துக்கமா என்று பிரிக்க முடியாத கத்தல்.

செல்வம் விளிம்பில் நின்று மண்வெட்டியால் இன்னும் இடித்துக்கொண்டிருந்தான். அவன் நின்ற இடம் அப்படியே கீழே உட்கார்ந்தது.

அவன் விழுந்ததை முதலில் பார்த்தவள் ஷாஸியா. அவள் கத்துவதற்குள் தண்ணீர் அவனை, கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருந்த தூண்டில் வளைவுக் கற்களின் மேல் கொண்டுபோய் அடித்துவிட்டு வெளியே இழுத்துக்கொண்டு போனது. கடலில் நின்ற ஒரு படகில் இருந்தவர்கள் கயிறு எறிந்து அவனைப் பிடித்தார்கள். கரைக்குக் கொண்டுவந்தபோது நினைவு இருந்தது. வலது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மலிகாவைப் பார்த்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்றான்.

ஆட்டோவில் ஏற்றினார்கள். ஷாஸியா ஓடிவந்து கூட ஏறப் போனாள்.

மலிகா கையை நீட்டித் தடுத்தாள். "நீ வோணாம்."

"அக்கா—"

"வோணாம்னு சொல்றேன்ல. போ."

அன்று வீட்டுக்குப் போகாமல் ஷாஸியா நேராக அப்பாவின் கடைக்குப் போனாள். நைட்டிக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். சௌக்கத் அலி வாடிக்கையாளர்களை அனுப்பிவிட்டு வந்து அவள் பூட்ஸில் ஒட்டியிருந்த மீன் செதில்களைப் பார்த்தார்.

"யாராச்சும் அடிச்சாங்களாம்மா?"

"இல்ல அத்தா. அடிச்சிருந்தாக்கூடத் தேவல."

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

நெட்டுக்குப்பத்துக்கு அவள் அடுத்த சில வாரங்களில் இரண்டு முறைதான் போனாள். வேறொரு படகை வாடகைக்கு எடுத்து, திட்டிலிருந்து சேறு எடுத்து வந்து சலித்தாள். முகத்துவாரம் திறந்திருந்தது, தண்ணீர் தெளிந்திருந்தது. சேற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில இளம்புழுக்கள் இருந்தன. ஒரு கிண்ணத்துக்குக்கூடப் போதாது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் அவளைக் கண்டதும் எழுந்து வீட்டுக்குள் போனார். செல்வத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்து அவர்கள் தெரு முனைவரை நடந்தவள், அங்கேயே திரும்பிவிட்டாள்.

மாதங்கள் போயின. அவள் ஆராய்ச்சியில் எண்ணூருக்கு வடக்கே உள்ள கரையும் சேர்ந்திருந்தது. காட்டுப்பள்ளியில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு உட்புறம், கடல் அமைதியாக இருக்கும் ஒரு மூலையில், மெல்லிய சேறு படிந்துகொண்டிருந்தது. வெளியாட்கள் அங்கே நுழைய முடியாது. அவளுடைய பேராசிரியை பலரிடம் பேசி ஒரே ஒரு நாளுக்கு அனுமதி வாங்கிக் கொடுத்திருந்தார். காவலாளி ஒருவர் கூடவே நின்றார். ஷாஸியா சேற்றை வாரிச் சல்லடையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். சேறு கரைந்து போனதும் சல்லடையின் கம்பி மறைந்துவிட்டது. சிவப்பு நூல்கள். நூலாம்படை போல ஒன்றையொன்று பின்னிக்கொண்டு நெளிந்தன.

அடுத்த இடத்திலும் அப்படியே. அதற்கடுத்த இடத்திலும்.

அவள் முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டாள். கோடையில் இந்தக் கரையோரக் கடலோட்டம் வடக்கே போகும். அன்று முகத்துவாரத்திலிருந்து பாய்ந்து வெளியேறிய தண்ணீரும் வடக்கேதான் போயிருக்கும். அதில் போனவை இறங்க இடம் கிடைக்காமல், தள்ளிப் போட்டுக்கொண்டே, தெம்பு தீருமுன் இங்கே இந்தச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கியிருக்க வேண்டும். புழுக்களின் வளர்ச்சி, இடையில் கடந்த மாதங்களுக்குச் சரியாகப் பொருந்தியது. அவைதான் இவை என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வேறெங்கிருந்தும் வந்திருக்க வழி இருப்பதாகவும் தெரியவில்லை.

"இன்னா மேடம், ஒடம்பு சரியில்லையா?" என்றார் காவலாளி.

"இல்ல. நல்லாத்தான் இருக்கேன்."

மலிகா காசிமேட்டில் இருப்பதாகத் தெரிந்தது. மீன் வாங்க வருகிறவர்களுக்கு அங்கேயே வெட்டிச் சுத்தம் செய்து கொடுக்கும் பெண்களின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் அரிவாள்மணை, பக்கத்தில் செதில் குவியல், காலுக்கடியில் ஓடும் இரத்தத் தண்ணீர். ஷாஸியா எதிரே போய் நின்றாள். மலிகா வாடிக்கையாளர் என்று நினைத்து, "இன்னா மீனு?" என்று கேட்டபடி நிமிர்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையிலிருந்த சங்கரா மீனின் வயிற்றைக் கிழித்தாள்.

"இளைச்சுட்ட," என்றாள்.

ஷாஸியாவுக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. "அண்ணனுக்கு எப்பிடி இருக்கு?"

"எலும்பு சேந்துச்சு. கை தோளுக்கு மேல வர்ல. படக என் தம்பி ஓட்றான்." சங்கராவைத் துண்டுகளாக்கிப் பையில் போட்டுக் கொடுத்தாள். வாங்கினவர் போனதும், "சொல்ல வந்தத சொல்லு," என்றாள்.

ஷாஸியா சொன்னாள். மறைத்துவிடலாமா என்று பேருந்தில் வரும்போது யோசித்திருந்தாள். சொன்னால் மலிகா அங்கே போகப் பார்ப்பாள்; மாட்டிக்கொள்வாள். சொல்லாமல் இருந்தால், தன் கையாலேயே அவற்றைக் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பாள். சுவர், காவல், சேறு, சிவப்பு நூல்கள், எல்லாவற்றையும் சொன்னாள்.

மலிகா அரிவாள்மணையை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தாள். "நான் வெட்டுன தண்ணியில போனது."

"ஆமா. அப்பிடித்தான் நினைக்கறேன்."

"சாவல."

"எல்லாம் இல்ல. ஆனா நிறைய பொழச்சிருக்கு."

மலிகா சிரித்தாள். பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சிரித்தாள். "போர்ட்டுக்குள்ள போயி வூடு கட்டிக்கிச்சா! நம்மள வுடுவானா உள்ள? கேட்டுலயே நிறுத்திடுவான்." சிரிப்பு நின்றபோது அவள் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். கையெல்லாம் மீன். "வூட்டுக்கு வா. உங்க அண்ணன் உன்ன ஒரு வாட்டி கேட்டுச்சு."

செல்வம் கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தான். ஷாஸியாவைப் பார்த்ததும் எழ முயன்றான். எழவில்லை. மலிகா காட்டுப்பள்ளிச் செய்தியைச் சமையலறையிலிருந்தே கத்திச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான்.

"ஆத்து வாயி மறுபடி ஒடுங்கிகினு வருது தங்கச்சி," என்றான் பிறகு. "வர்ற கோடைக்கு முன்னயே மூடிக்கும் போலக் கீது. நைனா உன்ன கேக்கணும்னாரு. தேசப்ப நைனா."

"என்னையா?"

"வேற யாரு கீறாங்க கேக்கறதுக்கு?"

ஷாஸியா தரையைப் பார்த்தாள். "வரேண்ணா. ஆனா தாங்குமா தாங்காதான்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கும் தெரியாது."

"அத்த அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னா?"

"சொல்லியிருக்கணும்."

அவன் வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். "நான் மட்டும் இன்னா? தொறந்தா எல்லாம் சரியாப்பூடும்னேன். தொறந்தோம். உயிரோட இருந்த மீனும் கடலுக்குப் பூட்ச்சு. மீனு திரும்ப உள்ள வர்றதுக்கு எத்தினி நாளாச்சு தெரியுமா?"

மலிகா தட்டில் சோறும் குழம்பும் கொண்டுவந்து ஷாஸியாவின் முன் வைத்தாள். வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "அதுங்க அங்கியே இருந்துடுமா? இல்ல, இந்தப் பக்கம் வருமா?"

"பெரிய பூச்சி சேத்த வுட்டு வராதுக்கா. அதுங்க முட்ட போட்டா, குஞ்சு தண்ணியில வரும். மழைக்காலத்துல கடலோட்டம் தெக்க திரும்பும். அப்ப முட்ட போட்டா இங்க வரலாம். போடாமயும் இருக்கலாம். வர்ற வழியில செத்தும் போவலாம்."

"வந்தா எறங்கற மாரி நம்ம சேறு கீதா?"

"தெரியலக்கா. எடுத்துப் பாக்கணும்."

"நாளைக்கு வத்தம் காலைல." மலிகா எழுந்து உள்ளே போனாள். அங்கிருந்தே குரல் வந்தது. "மார்க்கெட்டுக்கு லேட்டாப் போறேன். நீ சாப்புடு, ஆறிடும்."

ஷாஸியா சோற்றைப் பிசைந்தாள். செல்வம் தன் மச்சானைக் கைபேசியில் கூப்பிட்டு, காலையில் படகைக் கொஞ்சம் விட்டு வைக்கும்படி சொல்லிக்கொண்டிருந்தான். எதிர்முனையில் ஏன் எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும். "ஒண்ணுமில்லடா," என்றான் செல்வம். "சேறு அள்ளணுமாம்."